பேச்சிமுத்துவுக்கு வைக்காத வெற்றிலை

இந்தத் தாலுகாவில் வீடு தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் யாரையும் தாக்க முடியாது. அழைக்காதவர் மேல் குண்டு படாது. பக்கத்தில் வந்து ஒதுங்கிப் போய்விடும். இது தெரிந்தும் இங்கே போர்ப் படம் எடுக்க வந்தேன். என் கிரகம்.

அயர்ந்து தூங்கும் முகாமை விடியற்காலையில் ஒரு படை திடீரென்று தாக்குகிறது. இதுதான் காட்சி. முகாம் ஆட்களாக நடிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஒவ்வொரு வீடாகப் போய் வெற்றிலைத் தட்டை நீட்டினேன். மறுநாள் பாய்ந்து போனால், முகாமே குளித்து முழுகி, சந்தனம் பூசி, வரிசையாக உட்கார்ந்திருக்கிறது.

"வாங்க வாங்க, இப்பதான் வாறியளா? சாப்பிட்டுட்டுச் சுடலாம்லா" என்றார்கள்.

என் படையும் கூச்சமில்லாமல் இலை முன்னால் உட்கார்ந்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பொட்டலில் சுவருக்கு எங்கே போவது?

தினமும் இதே கதை. தயாரிப்பாளர் திருமால்சாமி பொறுமை இழந்தார். "நாளைக்கு ஒரே ஒரு மூஞ்சியாவது திடுக்கிடணும் தம்பி. இல்லன்னா படத்தை மச்சினன் கையில குடுத்திருவேன்." மச்சினன் குணாளன் பக்கத்திலேயே நின்று தலையாட்டினான். எனக்கு இது முதல் படம். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் படங்களில் திட்டு வாங்கியபின் கிடைத்தது. விட்டுவிடுவேனா?

அன்று காவல்காரனாக நடிக்கும் பேச்சிமுத்துவை மட்டும் அழைக்காமல் விட்டேன். குண்டு அவர் மேல் படாவிட்டால் என்ன, திடுக்கிட்டால் போதும்.

காலையில் பாய்ந்தோம். பேச்சிமுத்து திடுக்கிட்டார். கண் அப்படி விரிந்தது. குண்டுகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. அவர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார்.

"ஊருக்கெல்லாம் வெத்தல வச்சிய. நான் மட்டும் ஆள் இல்லையோ?"

"எடுத்தாச்சா?" என்று கத்தினேன். கேமராமேன் கேமராவை விட்டுவிட்டுப் பேச்சிமுத்துவின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தப்பு நம்ம மேலதான் சார்" என்றார்.

செத்துக் கிடந்தவர்கள் எழுந்து பேச்சிமுத்து பக்கம் போய் நின்றார்கள். என் படையும் போனது. தயாரிப்பாளரும் போனார். இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான். ஒரு வெற்றிலையில் என் படம் போயிற்று.

சாயங்காலம் குணாளன் என் அறைக்கு வந்தான். புதுச் சட்டை, கையில் தட்டு.

"அண்ணே, படத்தை இனி நான்தான் எடுக்கேன். நாளைக்குக் காலையில எல்லாரும் சேந்து உங்களத்தான் தாக்குறோம். குடும்பத்தோட வந்திரணும்."

முறையாக அழைப்பவனிடம் மறுத்துப் பேச முடியுமா? தட்டை வாங்கிக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தேன்.

"துப்பாக்கியா, பீரங்கியா?" என்று கேட்டாள்.

"பீரங்கி."

"அப்ப பட்டுச் சேலையே கட்டிட்டு வர்றேன்" என்றாள்.