பின்வாசல் கேமரா

ஹேமநாதன் மேசைக்கு அடியில் குனிந்து கேமரா ரெக்கார்டரின் ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தான். கூடத்தில் அவன் அப்பாவைப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. லோகேஸ்வரி கூடத்துக்குப் போவதும் மகன் இருக்கும் அறைக்குத் திரும்புவதுமாக இருந்தாள். காலையிலிருந்து எங்கேயும் உட்காரவில்லை.

"பின்னால ஒரு கேமரா இருக்குல்ல, அதப் போடு," என்றாள் இறந்தவரின் அக்காள் குமுதவல்லி. "என் தம்பி எவ்ளோ நேரம் அங்க கிடந்தான்னு தெரியணும். கூப்பிட்டிருப்பான் லா. ஏர்கோன் போட்டுக் கதவச் சாத்திட்டா எப்படிக் கேக்கும்?"

விடிந்ததும் சமையலறைக் கதவைத் திறந்தவள் லோகேஸ்வரிதான். கதவுக்கும் பின்வாசலில் நிறுத்தியிருந்த தொலைநோக்கிக்கும் நடுவே கணவர் சசிதரன் குப்புறக் கிடந்தார். அதிலிருந்து அவளுக்குள்ளும் அதே கேள்விதான். கூப்பிட்டாரா?

"அது இப்ப பின்வாசலப் பாக்காது அத்தை."

"ஏன், ரோசாக்கா, கெட்டுப் போச்சா?"

"இல்ல. அப்பா லென்ஸக் கழட்டிட்டு, பைப் துண்டு வச்சு டெலஸ்கோப்புல மாட்டிட்டாரு. வானத்தத்தான் பாக்கும்."

"திருடன் மேலருந்தா குதிப்பான்?"

லோகேஸ்வரியும் இதையேதான் கேட்டிருந்தாள். சுங்கை காடுட் தொழிற்சாலைகளில் கேமரா மாட்டிக் கொடுப்பவர், சொந்த வீட்டுக் கேமராவின் கண்ணைப் பிடுங்கியிருந்தார். "வெறும் கண்ணுக்குப் புள்ளி லோகா. இதுல வளையம் தெரியுது, வந்து பாரேன்," என்பார். நாளைக்கு என்பாள்.

திரை வெளிச்சமாகி, ராத்திரிப் பதிவு ஓடியது. கறுப்பில், வளையத்தோடு சனி. அது மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. விளிம்பை நெருங்கும்போது படம் குலுங்கி, சனி மறுபடி நடுவுக்கு வந்தது.

"பூமி சுத்துதுல்ல, நகர்ந்துகிட்டே இருக்கும். அப்பாதான் தள்ளித் தள்ளி விடுறாரு."

மறுபடி நகர்ந்தது. மறுபடி நடுவுக்கு வந்தது.

"இதுல அவன் எங்கடா?" என்றாள் குமுதவல்லி.

இன்னொரு குலுங்கல். இந்த முறை சனி நடுவில் நிற்கவில்லை. வலது ஓரத்தில், ஒரு நூல் தள்ளினாலும் வெளியேறிவிடும் இடத்தில் நின்றது.

"கை தவறிருச்சு," ஹேமநாதனின் குரல் இறங்கியது. "அப்பவே நெஞ்சு வலிச்சிருக்கும்."

கை தவறவில்லை. ஒரே ஒரு நாள் லோகேஸ்வரி பார்க்கப் போயிருந்தாள். ஏன் ஓரத்தில் இருக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்தார். "உன்னக் கூப்பிட வரும்போது அங்க வச்சிட்டு வருவேன். நீ செருப்பத் தேடிப் போட்டுக்கிட்டு வர்ற வரைக்கும் போகாம இருக்கணும்ல."

"என்னைக் கூப்பிடத்தான் வந்திருக்காரு," என்றாள்.

"அதத்தானே நானும் அப்பலேருந்து சொல்றேன்," என்றாள் குமுதவல்லி.

லோகேஸ்வரி அவளைத் திருத்தவில்லை.

வாய்க்கரிசி போட வரச்சொல்லிக் கூடத்திலிருந்து குரல் வந்தது. வண்டி காத்திருந்தது. ஹேமநாதன் ரெக்கார்டரை நிறுத்தக் கை நீட்டினான்.

"நிறுத்தாத."

"அம்மா, எல்லாரும் நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சனி நடுவைக் கடந்தது. யாரும் அதைத் தள்ளவில்லை. வளையத்தின் நுனி இடது ஓரத்தைத் தொட்டபோது, அவள் கால் மேசைக்கு அடியில் செருப்பைத் தேடியது.