ஆமாவுக்கு அடுத்த சொல்

பக்கவாதம் வந்து விழுந்து எழுந்தபோது என் கணவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. ஆமா. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா. வேண்டாமென்று கையால் தள்ளிக்கொண்டே ஆமா. தையற்கடையில் உட்கார்ந்து, வந்தவர் துணியைப் பிரிப்பதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிக்கிற மனிதர் அவர். சொல்லெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாய்க்கு வரும் வழியில் தடம் மாறிவிடுகிறது என்று டாக்டர் சொன்னார்.

கடையில் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிறவள் பார்க்க வந்தாள். அவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நான் அழகா இருக்கேனா?" என்றாள்.

"ஆமா."

"கேட்டுக்கோங்க அண்ணி. இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் உண்மை வாயில வந்திருக்கு."

அவர் கோணிய வாயோடு சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அவளுக்கு நான் நன்றிக்கடன் பட்டது அங்கிருந்து தொடங்குகிறது.

அந்தச் சொல்லே வினையானது அடுத்த வாரம். அவருடைய அண்ணன் வந்தார். கடை இருக்கும் இடம் இருவருக்கும் பொதுவாக அவர்கள் அப்பா விட்டுப்போனது. அண்ணன் கெட்டவரில்லை, ஆஸ்பத்திரியில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் விழித்திருந்தவர். கை ஓடாத பிறகு கடை எதற்கு, செல்போன் கடை வைக்க ஒருவர் இடம் கேட்கிறார், கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றார். "என்ன தம்பி, குடுத்துடலாமா?"

"ஆமா" என்றார் இவர். சொன்னதும் முகம் வெளுத்தது. மறுபடி வாயைத் திறந்தார். "ஆமா, ஆமா." இடது கை போர்வையைக் கசக்கியது. அண்ணன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்துகொண்டார். அது அவர் மனசு இல்லை என்று வாசல் வரை போய்ச் சொன்னேன். அவனே வாய்விட்டுச் சொல்கிறான், நீ ஏனம்மா குறுக்கே வருகிறாய் என்று கேட்டார். அடுத்த மாதம் அந்த ஆளை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அதற்குள் இவருக்கு 'வேணாம்' என்று சொல்ல வர வேண்டும்.

நாங்கள் அவரை டீச்சர் என்றுதான் அழைத்தோம். தோள்பையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, கொஞ்சம் ஸ்ட்ரா, பஞ்சு, படம் போட்ட அட்டைகள். கண்ணாடியை எதிரே வைத்து டீச்சரும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை மூடி 'ம்' என்பார்கள். பிறகு மேசைமேல் இரண்டு நூற்கண்டுகளை நிறுத்தி, ஸ்ட்ராவால் ஊதிப் பஞ்சு உருண்டையை அவற்றுக்கு நடுவே தள்ள வேண்டும். காஜாக்காரிதான் எதிர் அணி. தோற்கும்போதெல்லாம் தும்மல் வந்ததாகச் சொல்லிப் பஞ்சைப் பறக்கவிடுவாள்.

அட்டைகள்தான் எடுபடவில்லை. ஒட்டகச்சிவிங்கி, கப்பல், முயல். இவர் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டார். டீச்சர் கோபிக்கவில்லை. "சரிதான், ஒட்டகச்சிவிங்கிக்கு யார் காலர் தைக்கிறது?" என்று பையை மூடினார். மறுநாளிலிருந்து பயிற்சி கடைக்கே மாறியது.

அங்கே அவர் வைத்த முறைக்கு 'வேணும்னே பண்ற தப்பு' என்று பெயர். கேள்வி கேட்டால் சொல் பதுங்கிக்கொள்ளும், கண்ணெதிரே ஒரு வேலை கெட்டுப்போனால் தானாகக் குதித்து வெளியே வரும் என்றார். அதனால் டேப்பைத் தலைகீழாகப் பிடித்து இவருடைய தோளை அளப்பார். சட்டைப்பைக்கு உள்பக்கம் பொத்தான் வைப்பார். காலரைக் கொண்டுபோய்ச் சட்டைக் கையில் பொருத்திக் குண்டூசி குத்துவார். இவருக்கு முகம் சிவக்கும். உடனே டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை அகற்றாமல் காத்திருப்பார். நாங்களும் வாயைத் திறக்கக் கூடாது. இவர் சோர்ந்து விடுவார் போலிருந்தால் மட்டும் டீச்சர் சத்தமில்லாமல் 'வே' என்று உதட்டைக் காட்டுவார்.

இவருடைய இடது கால் சும்மா இருக்கும்போதும் தையல் மெஷினின் மிதியைத் தேடும். அதையும் டீச்சர் விடவில்லை. மிதியை ஆட்டச் சொல்லி, அந்தத் தாளத்தில் இடது உள்ளங்கையைத் தட்டி, 'வே–ணாம், வே–ணாம்' என்று ராகமாக இழுப்பார். பேச வராத வாய்க்கு முனக வந்தது. முதலில் 'ஏ', பிறகு 'ஏ ஆம்'.

காஜாக்காரி இந்த முறையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "எனக்குப் பயிற்சியே வேணாம் டீச்சர். நான் பொறந்ததுலேருந்து தப்புத்தான் பண்றேன்" என்றாள். நான் காலி டம்ளரில் தேநீர் கொடுத்தேன். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆத்திரத்தோடு "ஆமா" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்த ஆமாதான் போகவில்லை. எப்போதும் முந்திக்கொண்டு வந்தது. விரட்ட வேண்டாம் என்றார் டீச்சர். "மொதல்ல வர்றது பழக்கம்மா. அதுக்கடுத்து வர்றதுதான் சார் சொல்றது. அதுவரைக்கும் பொறுத்திருங்க."

அண்ணன் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மரியாதையான மனிதர். கடையை எப்படி மாற்றுவது என்று வரைந்த படத்தைச் சுருட்டி, காக்கிக் காகிதம் சுற்றி ஒட்டி எடுத்து வந்திருந்தார். டீச்சரும் அப்போது கடையில் இருந்தார்.

"போன தடவை சொன்னியே தம்பி. குடுத்துடலாம்ல?"

"ஆமா."

டீச்சர் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கையமர்த்தினார். இவர் உதடு மூடித் திறந்தது. கால் மிதியைத் தேடியது. ஒன்றும் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜெயித்த களிப்பு இல்லை, வருத்தம்தான் இருந்தது. வந்தவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை போலும். படத்தைப் பிரிக்கப் பார்த்தார், ஒட்டியது வரவில்லை. மேசைமேலிருந்த பெரிய கத்திரிக்கோலை எடுத்துக் காகிதத்தில் வைத்தார்.

துணி வெட்டும் கத்திரிக்கோல் காகிதத்தைத் தொடக் கூடாது. தொட்டால் கூர் போய்விடும், அப்புறம் பட்டுத்துணி கடிபடும். கட்டிய மனைவி நானே அதைத் தொட்டதில்லை.

"வேணாம்!"

தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். முழுச் சொல், கடைசியில் உதடு மூடி, 'ம்' வரைக்கும். வந்தவர் கையை உதறிக் கத்திரிக்கோலை வைத்துவிட்டார். வந்தவரை இந்தத் தப்பைச் செய்யவைத்ததும் டீச்சர்தான் என்று நினைத்து அவரைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அண்ணன் எதிலும் நிதானமானவர். "எது வேணாம் தம்பி? கத்திரிக்கோலா, கடையா?"

எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. கேட்டதற்காக இன்று அவரைக் கும்பிடுகிறேன்.

"ஆமா" என்றார் இவர்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. தோளைத் தட்டவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, தம்பியின் வாயையே பார்த்தபடி இருந்தார். மிதி ஆடியது. இவர் இடது கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

"கடை... குடுக்க... வேணாம்."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரிடா, கத்தாத" என்றார். நோய் வந்ததிலிருந்து தம்பியை அவர் 'டா' போட்டுப் பேசவே இல்லை. பிறகு வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, படத்தைத் தானே எடுத்துக் கொடுத்து, தெருமுனை வரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தார்.

கடை எங்களுடையதாகவே இருந்தது. காஜாக்காரி துணி வெட்டப் பழகினாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கோடு போடும் இடத்தையெல்லாம் வேணாம் வேணாம் என்று மறுத்தே அவளை நல்ல தையற்காரியாக்கினார். டீச்சர் தன் சட்டைகளை எங்களிடமே தைத்துக்கொண்டார். போன வருடம் போய்ச் சேர்ந்தார் என் கணவர். அதற்கு முந்தைய நாள் சாயங்காலமும், கழுத்தில் டேப்போடு, அந்தக் கடையில்தான் இருந்தார்.