மூன் என்று எழுதிய வயர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது. அதை இன்னார்தான் சரிசெய்தார் என்று ஒரு வீடே நம்புகிறது. எனக்கு வயிறு எரிகிறது. விதை இவ்வளவுதான்.

கதையில் என்னை 'அவர்' என்றே எழுதப்போகிறேன். கோடவுனில் எல்லோரும் கூப்பிடுவதுபோல 'லோடுமேன்' என்றும் எழுதுவேன். 'நான்' போட்டு எழுதிப் பார்த்தேன், பேனா நகரவில்லை. 'அவர்' என்று போட்டதும் ஓடுகிறது. அடுத்தவர் வயிற்றெரிச்சலை எழுதுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நோட்டில் கையால் எழுதுகிறேன். தட்டச்சு செய்யப்போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். என் எழுத்துப் பிழைகளைத் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் 'முன்', 'மூன்' என்று வரும் இடங்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். மு என்ற எழுத்தின் வாலில் ஒரு சுழி போட்டால் மூ. கதையே அந்தச் சுழிக்குள்தான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்:

சனிக்கிழமை காலை, வானத்தைக் கருமேகங்கள் சூழ்ந்திருக்க, லோடுமேனின் உள்ளத்திலும்—

(வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். அந்த மேகம் நான் எழுத்து படித்த பாடப்புத்தகத்திலிருந்து வந்தது.)

இரண்டாவது தொடக்கம்:

லோடுமேனின் மகள் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டினாள்.

(இது நிற்கும். இதை எழுதும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.)

கடையில் முழுசாக வாங்கவில்லை. பதினொரு மாதமாக ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை விரித்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கட்டி முடித்தாள். வீடியோ எடிட்டிங் அவள் வேலை. அன்றைக்கு லோடுமேனுக்கு இரண்டு பொறுப்புகள் கிடைத்தன. ஒன்று, அவள் திருகாணி முடுக்கும்போது பெட்டி ஆடாமல் பிடித்துக்கொள்வது. ஐம்பது கிலோ மூட்டையைப் பிடித்த கைக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டாவது பொறுப்புதான் வினை. வயர்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது.

லோடுமேனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது மகள்தான்.* ஆகவே அவள் எழுதச் சொல்லும் எதுவும் அவருக்குப் பரீட்சை.

* அப்போது அவருக்கு நாற்பத்தாறு, அவளுக்குப் பதினைந்து. "வால்ல சுழி இருந்தா இழுத்துச் சொல்லணும்பா. இல்லன்னா சட்டுனு விட்டுடணும்." அவர் எல்லாவற்றையும் சட்டென்று விட்டுவிடுவார். அவருடைய 'பாட்டு' எப்போதும் 'பட்டு'தான்.

வயர்கள் இரண்டு. இரண்டும் கறுப்பு. இரண்டுக்கும் இருபுறமும் ஒரே மாதிரியான சின்ன நீள்வட்ட முனை. ஒன்று கோப்புகளை வேகமாகக் கடத்துகிற வயர். மற்றது போனோடு வந்தது. சார்ஜ் நன்றாக ஏற்றும், ஆனால் கோப்புகளை ஆமை வேகத்தில்தான் கடத்தும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

"வேகமா போறது யூஎஸ்பி மூணுப்பா, அதுல 'மூன்று'ன்னு எழுதுங்க. சார்ஜ் வயர்ல 'முன்'னு எழுதுங்க. அது முன்னாலயே தொங்கட்டும்" என்றாள்.

ஒட்டும் தாள் கோடவுனில் விலை ஒட்டுகிற பொடி வட்டம். லோடுமேன் எழுத்து பெரிது, ஒரு தாளில் இரண்டெழுத்துக்கு மேல் அடங்கவில்லை. 'மூன்று' அடங்காது என்று சொன்னார். "'மூன்'னு மட்டும் போடுங்க, எனக்குப் புரியும்" என்றாள் மகள்.

வேகமான வயரை எடுத்து நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். சுழி விட்டுப்போயிற்று. 'முன்' என்று விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. அடுத்து சார்ஜ் வயர். அதிலும் 'முன்' என்றே எழுதிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. மகள் வேறு வேறாகத்தானே சொன்னாள் என்று யோசித்து, கடைசியாக எழுதியதில் ஒரு சுழியைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக எழுந்து கை கழுவினார்.

3

இனி டாக்டரைக் கொண்டுவர வேண்டும். மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. லோடுமேன் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர், டிவி, மிக்சி எது செத்தாலும் பிழைக்க வைப்பார் என்று சொந்தக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். சொந்தமாக ஒரு ரிப்பேர் கடை.

(இவரைக் கெட்டவராக எழுதிவிடலாம் என்று இரண்டு பக்கம் முயன்றேன். தலை வாரும் விதத்தில் ஏதாவது குறை சொல்ல முடியுமா என்றுகூடப் பார்த்தேன். முடியவில்லை. கூலி வாங்காதவர். செருப்பைக்கூட வாசலில் ஜோடி சேர்த்து நேராக விடுகிறவர். இப்படிப்பட்ட ஆளின்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.)

மகளுக்கு ஒரு ஸ்டுடியோவில் சோதனை வேலை கிடைத்தது. உள்ளங்கை அகல டிரைவ் ஒன்றில் அவர்கள் காட்சிகளைப் போட்டு அனுப்புவார்கள். அவள் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, அடுத்தநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சோதனைக்கு அனுப்பியதை மட்டும் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒப்படைத்தால் நிரந்தரம். அவ்வளவு கோப்புகளும் ஏற ஒன்றரை நிமிடம் ஆகவேண்டும். இருபத்தெட்டு நிமிடம் ஆயிற்று. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்க வேண்டும் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியின் முன்பக்க ஓட்டையில் குத்தினாள். பின்பக்கம் குத்தினாள். பெட்டிக்குள் இருக்கும் போர்டின் மென்பொருளைப் புதுப்பித்தாள். ஏதேதோ அமைப்பை மாற்றினாள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள், வயரைத் தவிர. வயரில்தான் அப்பா கையெழுத்தில் 'மூன்' என்று இருந்ததே.

(இந்த வரிக்குப் பிறகு அரைநாள் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.)

மாமாவுக்குப் போன் போட்டாள். லோடுமேன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்டார். பேச்சு பதினான்கு நிமிடம். அதில் பாதி அவருக்குப் புரியாத சொற்கள். இரண்டு தடவை சிரித்தாள். அவரிடம் அவள் பேசுவது "சாப்டீங்களாப்பா", "வலி இருக்காப்பா", அவ்வளவுதான். அன்பு குறைவில்லை. ஆனால் அவரிடம் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றுமில்லை. மாமாவிடம் கேட்க அவளுக்குப் பதினான்கு நிமிடத்துக்கு இருந்தது.

4

சனிக்கிழமை டாக்டர் வந்தார், செருப்பை நேராக விட்டார், பெட்டியைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பாப்பா, உள்ள முன்பக்க ஓட்டையோட வயரைக் குத்தறப்போ போர்டுல ஒரு ஊசிப் பின் வளைஞ்சிருக்கும், அதான் பின்பக்கமும் சேர்ந்து மந்தமாகுது. எல்லாருக்கும் மொத தடவை ஆகறதுதான். கடைக்குக் கொண்டுபோய் முழுசாப் பிரிச்சு நானே கட்டிக் குடுத்துடறேன்."

"பாத்துதான் மாமா குத்தினேன்."

"இருக்கட்டும். பொறுமை வேணும்ல இதுக்கெல்லாம்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பதினொரு மாதத்தையும் அந்த விரல் நுனியில் வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. பெட்டி கடைக்குப் போனால் திங்கட்கிழமை வேலை போய்விடும். திரும்பி வரும்போது அது மாமா கட்டிய கம்ப்யூட்டராக வரும். இனி எதையும் தனியாகப் பிரிக்கமாட்டாள், கேட்டுவிட்டுத்தான் தொடுவாள்.

டாக்டர் போனில் சார்ஜ் இல்லை. "அத்தான், அந்த சார்ஜ் வயரைக் கொஞ்சம் போட்டு விடுங்க" என்றார்.

லோடுமேன் 'முன்' என்று எழுதிய வயரைக் கையில் எடுத்தார். எடுத்த நொடியிலேயே கை நின்றது. கனம். தடிமன். மடக்கினால் மடங்காத விறைப்பு. இருபத்தாறு வருடமாகப் பெட்டிகளைத் தூக்குகிற கை அது. மேலே என்ன எழுதியிருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். போன் வயர் இவ்வளவு கனக்காது. கை முதலில் படித்தது. கண் பிறகுதான் படித்தது. டிரைவில் தொங்கிக்கொண்டிருந்த மெலிசு வயரைப் பார்த்தார். அதில் ஒட்டிய தாளில், எழுத்தின் வாலில் சுழி.

லோடுமேன் டாக்டரின் போனை அதிலேயே சார்ஜில் போட்டார். அதற்கென்ன, கனமான வயரிலும் சார்ஜ் ஏறத்தான் ஏறியது.

5

இங்கே உங்களுக்கு முடிவுகள் காட்ட வேண்டும்.

முதல் முடிவு: லோடுமேன் அங்கேயே சொல்லிவிடுகிறார். "பின்னும் வளையல, ஒண்ணும் வளையல. தப்பு என் எழுத்துல." மகள் ஓடிவந்து அவர் கையை—

(பொய். டாக்டர் இருக்கும் அறையில், கற்றுக்கொடுத்தவள் எதிரில், குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் தெரியாத மாணவனாக நிற்க அந்த மனிதரால் ஆகாது.)

இரண்டாவது முடிவு: அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, பெட்டி கடைக்குப் போகிறது, எத்தனை தடவை பிரித்துக் கட்டினாலும் வேகம் வரவில்லை, டாக்டர் தோற்கிறார்.

(இதை எழுதும்போது இனித்தது. இனித்ததால் அடித்துவிட்டேன். அவள் விரல்களைப் பார்த்த பார்வை நடுவில் வந்து நிற்கிறது.)

நடந்தது மூன்றாவது. பூதக்கண்ணாடி எடுக்க டாக்டர் கீழே தன் வண்டிக்குப் போனார். மகளும் கூடப் போனாள். மனைவி குளியலறையில். லோடுமேன் நகத்தால் இரண்டு தாளையும் உரித்தார், இடம் மாற்றி ஒட்டினார். கனமான வயரை டிரைவுக்கும் மெலிசை டாக்டர் போனுக்கும் போட்டார். சொந்த வீட்டில் திருடுவதுபோல இருந்தது.

டாக்டர் வந்து கண்ணாடி வழியாகப் பின்களை எண்ணினார். வளைவு எதுவும் இல்லை. உள் வயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினார். "இப்பப் போடு பாப்பா."

ஒன்றரை நிமிடம்.

"லூஸா இருந்திருக்கு. அவ்ளோதான்" என்றார் டாக்டர். மகள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதப் பார்க்கிறேன், அது—

(முடியவில்லை. என் பக்கம் திரும்பாத பார்வை. பக்கவாட்டில்தான் தெரிந்தது.)

"மாமான்னா மாமாதான்" என்றாள்.

6

இப்போது மூன்று வாரமாகிறது. மகளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் மனைவி தன் தம்பியின் கட்டைவிரல் புகழைப் பாடுகிறாள். ஒரு அழுத்து, ஒரே ஒரு அழுத்து என்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த விரல் கொஞ்சம் பெரிதாகிறது. லோடுமேன் தலையாட்டுகிறார்.

நீங்கள் இதை மன்னிப்புக் கேட்கும் கதை என்று நினைத்துப் படித்திருந்தால் ஏமாந்தீர்கள். பறிபோன பெயரைத் திரும்ப வாங்குகிற கதை இது. ஆனால் எழுத எழுத ஒன்று தெரிகிறது. சரிசெய்தவர் அவர் என்று சொல்ல வேண்டுமானால், கெடுத்தவர் அவர் என்றும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க வழி இல்லை. மூன்று வாரமாகத் தேடிவிட்டேன்.

(பாருங்கள், 'அவர்' எங்கேயோ இறங்கிப் போய்விட்டார். நான்தான் நிற்கிறேன்.)

7

எனக்குத் தட்டச்சு தெரியாது. இந்த நோட்டை நாளைக் காலை கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். ஆகவே, தட்டச்சு செய்கிறவரே என்று சுற்றிவளைத்துக் கூப்பிட்டதெல்லாம் போதும். இதுவரை தட்டிக்கொண்டு வந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்மா. நீ கட்டியதில் ஒரு தப்பும் இல்லை. எந்தப் பின்னும் வளையவில்லை. உன் விரல் சரி. என் சுழிதான் தப்பு.

உரித்து ஒட்டிய தாளின் ஓரம் மடிந்திருக்கிறது. அதை நீ எப்போதோ பார்த்துவிட்டு, எனக்காகப் பேசாமல் இருக்கிறாயோ என்றும் ஒரு சந்தேகம். கேட்கமாட்டேன்.

முடிவை நான் எழுதவில்லை. இந்தப் பக்கத்தின் அடியில் அதே பொடி வட்டத் தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். வெறும் தாள். கம்ப்யூட்டரைச் சரிசெய்தது யார் என்று அதில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டிவிடு. சின்னத் தாள்தான், இரண்டெழுத்து பிடிக்கும். 'மாமா' இரண்டெழுத்து, தாராளமாக அடங்கும்.

'அப்பா' மூன்றெழுத்து. கொஞ்சம் நெருக்கி எழுத வேண்டியிருக்கும்.