அண்ணன் நாற்று வைக்காத வருடம்

அவள் கணவரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்குப் பின்னால் தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"அவன் பூ வெட்டிட்டானா?"

புரட்டியதிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆள் பாதியாக இளைத்த பிறகும் அந்த உடம்பின் கனம் மட்டும் எப்படியோ குறையவில்லை.

"உன்னைத்தான். பக்கத்துல காலிஃபிளவர் வெட்டிட்டானா?"

"வெட்டியாச்சு," என்றாள். பார்த்துச் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் எட்டிப் பார்த்தே எவ்வளவோ நாளாகிறது. எதையாவது சொன்னால் பேச்சு முடியும், முடிந்தால் கொஞ்சம் உட்காரலாம்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "அப்ப நல்லாத்தான் திரண்டிருக்கும்," என்றார் கடைசியில்.

பக்கத்து வீடு அவருடைய தம்பியுடையது. ஒரே வீடாக இருந்ததை மாமனார் போன பிறகு நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது, தண்ணீர்க் குழாய் யார் பக்கம் என்று ஒரு பேச்சு வந்தது. ஊரில் பாதி வீட்டுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தவர், கூடப் பிறந்தவனுக்கு ஒரு குழாய் பிரித்துத் தர மாட்டேன் என்று நின்றார். பஸ் ஓட்டும் தம்பியும் லேசுப்பட்டவனில்லை. தெருக்கோடியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சுமந்தானே தவிர வாய் திறந்து கேட்கவில்லை. பிறகு வேறொரு பிளம்பரைக் கூட்டிவந்து தனிக் குழாய் போட்டுக்கொண்டான். குழாய் போட்டதைக்கூட இவர் பொறுத்திருப்பார். வேறொரு பிளம்பரைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஆளுக்கொரு தோட்டம், நடுவே தகர வேலி. குளிர்காலக் காய்க்கு நாற்று வைப்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. முந்தினால் வெயிலில் வதங்கும். பிந்தினால் பூ திரள்வதற்குள் உறைபனி வந்துவிடும். மழை விட்ட பிறகு தினமும் காலையில் வெறுங்காலோடு பாத்தியில் நிற்பார். "இன்னும் ஆகல," என்று உள்ளே வந்துவிடுவார். ஒருநாள் வரமாட்டார், மண்வெட்டிச் சத்தம் கேட்கும். இந்த வருடம் அந்த நாள் வந்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். வீடு திரும்பியதும் நாற்காலியை வெளியே போடச் சொல்லி உட்கார்ந்து அதட்டினார். தையல் கம்பெனியிலிருந்து வந்த களைப்போடு அவள்தான் குனிந்து குனிந்து வைத்து முடித்தாள். காலம் தப்பிவிட்டது என்பது வைக்கும்போதே இருவருக்கும் தெரியும். "பரவால்ல, வை," என்றார்.

நர்ஸ் வந்து நாடியைப் பார்த்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "யாருக்காவது சொல்லணும்னா இன்னிக்கே சொல்லிடுங்கக்கா," என்றாள்.

நர்ஸ் போனதும் அவள் மகளுக்குப் போன் செய்தாள். அழுகைக்கு நடுவே அடுத்த ரயிலைப் பிடிப்பதாகச் சொன்னாள் மகள். அதன் பிறகு சொல்ல வேண்டியவன் ஒருவன்தான் மிச்சம்.

பின்பக்கம் போனாள். தகரம் வளைந்திருந்த இடத்தில் எட்டிப் பார்த்தபோது கொழுந்தன் தன் பாத்தியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கம்பெனிச் சட்டை, ஆனால் வேலைக்குப் போகவில்லை. அவன் காலடியில் இருந்த செடிகளைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துவிட்டது. இலைகளுக்கு நடுவே எலுமிச்சை அளவுகூட இல்லாத பூக்கள். அவள் வைத்ததைவிடச் சின்னவை.

"என்ன தம்பி, இப்படி இருக்கு? எல்லாம் வெட்டியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "லேட்டாதான் வச்சேன் அண்ணி."

"ஏன்?"

அவன் மண்ணைக் காலால் தள்ளினான். "அண்ணன் வைக்கலையே."

அவளுக்குப் புரியவில்லை.

"வருஷா வருஷம் அவர் வச்ச பிறகுதான் வைப்பேன். ரெண்டு மூணு நாள் விட்டு. பாத்து வச்ச மாதிரி இருக்கக் கூடாதில்ல." அவன் சிரிக்கப் பார்த்தான். "இந்தத் தடவை எந்தச் சத்தமும் இல்ல. எல்லாரும் வச்சிட்டாங்க. அண்ணன் எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காரு, அவருக்குத் தெரியாததான்னு நானும் காத்துக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில இருந்தாருன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தகரத்தில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"வந்து பாத்துட்டுப் போங்க தம்பி," என்றாள். "இன்னிக்கே வாங்க."

அவன் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தான். காலைக் கழுவினான். கழுவிய காலையே மறுபடி கழுவினான். உள்ளே வந்து கட்டிலருகில் நின்றபோது அண்ணன் கண் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் வெட்டிட்டியாமே."

கொழுந்தன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"எங்கண்ணே. இன்னும் திரளவே இல்ல. நீ வைக்கிறதப் பாத்துட்டு வைக்கலாம்னு இருந்துட்டேன்."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியாது. "மடையன்," என்றார். கொஞ்சம் கழித்து, "உக்காரு."

வெந்நீர் வைக்க அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, தண்ணீர் சூடாகும்வரை முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்ற நினைப்போடு சுவரில் தலை சாய்த்தாள்.

கண் விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது. அடுப்பை யாரோ அணைத்திருந்தார்கள். கொழுந்தன் கதவருகில் நின்றிருந்தான்.

"அண்ணி."

அந்தக் குரலே போதுமாக இருந்தது.

"எப்ப?"

"இப்பத்தான் கொஞ்ச முன்னாடி."

"ஏன் எழுப்பல? இத்தனை மாசம் கண் கொட்டாம இருந்தேன் தம்பி, ஏன் எழுப்பல?"

"எழுப்பத்தான் வந்தேன்." அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "நீங்க எங்கன்னு கேட்டாரு. தூங்குறாங்கன்னேன். 'விடு, தூங்கட்டும்'னாரு. அப்புறம் பேசல."

கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கியதில் உடம்பு வலிக்கவில்லை, கண் எரியவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் தெரிந்தது. அது தெரிந்ததில் கூச்சமாக இருந்தது. எழுந்து உள்ளே போய், அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். உடலை எடுத்துப்போகும் வண்டி வர நேரமாகும் என்றார்கள். மகளின் ரயில் பாதி வழியில் இருந்தது. கொழுந்தனின் மனைவி வந்து கட்டிலருகில் உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு இவளுக்குச் செய்ய வேலை இல்லாமல் போயிற்று. மருந்து வேளை இல்லை, புரட்ட வேண்டியதில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெளியே காற்று நின்று, குளிர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"ராத்திரி உறைபனி விழும் போலிருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தான்.

அவள் எழுந்து போய்ப் பழைய திரைச்சீலைகளையும் போர்வைகளையும் எடுத்து வந்தாள். இந்தப் பக்கத்துப் பாத்திக்கு இரண்டு, அந்தப் பக்கத்துக்கு இரண்டு. ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் செடிகள் மேல் விரித்தார்கள். ஓரங்களில் கல் வைத்தார்கள். குனிந்து நிமிர்ந்த இடத்தில், கேரட் பாத்தியில் அவள் கை தானாக ஒன்றைப் பிடுங்கியது. விரல் பருமன்கூட இல்லை. இன்னும் ஒரு மாதம் மண்ணில் இருக்க வேண்டியது. புடவையில் துடைத்துவிட்டுக் கடித்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த அமைதியில் 'நறுக்' என்ற சத்தம் பெரிதாகக் கேட்டது.

வாசலில் வண்டியின் ஹாரன் அடித்தது.

கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். அவள் மீதியை நீட்டினாள். அவன் வாங்கி, மண்ணை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் மென்று முடிக்கும்வரை அங்கேயே நின்றார்கள்.