சித்ரகலாவின் ஐந்து நிமிடம்

சித்ரகலாவுக்கு வேண்டியிருந்தது ஐந்தே ஐந்து நிமிடம். நடுவில் எவரும் மைக்கைப் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

போன ஆயுதபூஜைக்கு நடந்ததை அவள் மறக்கவில்லை. அன்றைக்கு அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கொடுத்து, பாட்டு, டான்ஸ் என்று அமர்க்களப்பட்டது. செக்கிங் டேபிளைப் பதினைந்து வருஷமாகச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவளை எல்லோருமாகத் தள்ளி மேடையேற்றினார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வருகிற நாளில் கம்பெனி போடும் வேஷத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேனேஜர் தங்கதுரை சிரித்த முகமாகவே வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"போதும் கண்ணு, கேசரி ஆறுது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விதைத்தவள் ஒருத்தி, அறுத்தவர் இன்னொருவர். அந்தக் கேசரி அவளுக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை.

அதனால்தான், அவிநாசி ரோட்டுக் காபிக் கடை மாடியில் ஞாயிறு சாயங்காலம் யார் வேண்டுமானாலும் ஏறி நகைச்சுவை பேசலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று போனில் பார்த்ததும், வீட்டுக்காரர் கன்னையனிடம்கூடக் கேட்காமல் பேரைக் கொடுத்துவிட்டாள்.

"உனக்கென்ன கிறுக்கா புள்ள?" என்றாள் பக்கத்து டேபிள் ரோஸ்மேரி. "அங்க வாரதெல்லாம் இங்கிலீசு பேசற கூட்டம்."

"வரட்டும். அவுங்களும் பனியன் போட்டுட்டுத்தான வருவாங்க."

அந்த ஞாயிறு பார்த்து ஷிப்மெண்ட் அவசரம். நாலு மணி வரை வேலை. செக்கிங்கில் துணியில் குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றாகத் தாளிலிருந்து உரிக்க நேரம் ஏது? பத்துப் பன்னிரண்டை முன்கூட்டியே இடது புறங்கையில் ஒட்டிக்கொண்டுதான் அவள் உட்காருவாள். மணியடித்ததும் குழாயில் முகத்தை மட்டும் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு, ரோஸ்மேரியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கையைப் பார்க்க மறந்தாள்.

மாடியில் அறுபது பேர் இருந்தார்கள். நிகழ்ச்சியை நடத்திய சதீஷ்குமார் என்ற பையன் அன்றைக்கென்றே அச்சடித்த கறுப்பு டீ-ஷர்ட்டில் துள்ளிக்கொண்டிருந்தான். அவள் பேர் வந்தது. பையை ரோஸ்மேரியிடம் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள்.

புருஷன் விடும் குறட்டையைப் பற்றிப் பேசினாள். மாமியாரைப் பற்றிப் பேசினாள். எல்லாம் போனில் பார்த்து மனப்பாடம் செய்தவை. கன்னையன் குறட்டையே விட மாட்டார். மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. அவளே நம்பாததற்கு யார் சிரிப்பார்கள்? முன்வரிசையில் இரண்டு பெண்கள் மட்டும் அவளுடைய கையைப் பார்த்துப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். எதற்கென்று புரியாமல் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னால் ரோஸ்மேரி கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

சதீஷ்குமார் பக்கத்தில் வந்து கையை நீட்டினான். "பரவால்லக்கா, முதல் தடவைதானே. எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க!"

நல்ல பையன்தான். ஆனால் அதே சிரித்த முகம், அதே நீட்டிய கை. சித்ரகலாவுக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. கோபம் வந்தால் அவளுக்கு நாக்கு தெளிந்துவிடும்.

"கையை எடுங்க தம்பி. எனக்கு இன்னும் மூணு நிமிசம் இருக்குதுங்க."

மைக்கை இறுகப் பிடித்தபோதுதான் தன் புறங்கையைப் பார்த்தாள். பன்னிரண்டு சிவப்பு அம்புகள். அத்தனையும் அவள் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.

"ஓ, இதுக்குத்தான் சிரிச்சீங்களா கண்ணு?" என்றாள் முன்வரிசையிடம். "நான் பனியன் கம்பெனியில செக்கிங்குங்க. டேமேஜ் எங்க இருக்குதோ அங்க அம்பு காட்டோணும். என்ற கைக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. ரெண்டு நிமிசமா டேமேஜ் இங்கதான், இங்கதான்னு காட்டிட்டே இருக்குது."

முதல் சிரிப்பு வந்தது. அவளுடைய சொந்தச் சிரிப்பு.

"தம்பி, கொஞ்சம் திரும்புங்க." சதீஷ்குமார் திரும்பினான். தோளில் இரண்டு தையல் விட்டிருந்தது. ஓர் அம்பை உரித்து அங்கே ஒட்டினாள். "நிகழ்ச்சிய நடத்தறவரே பாஸ் ஆகலீங்க. முன்வரிசை, கையத் தூக்குங்க, அக்குள் தையல் பாக்கோணும்."

நிஜமாகவே தூக்கினார்கள். மாடி அதிர்ந்தது.

"நம்மூர்ல ஒருத்தராச்சும் நல்ல பீஸ் போட்டிருக்கறமா? நல்லது பூரா கப்பலேறிப் போயிருச்சு. தையல் விட்டது, கறை பட்டது, ஒரு கை நீளமானது, இதெல்லாந்தான் நம்ம உடம்புல. துணி மட்டுமில்லீங்க. நல்லாப் படிச்ச புள்ளைகளும் பூரா எக்ஸ்போர்ட்டு. மிச்சம் இங்க உக்காந்திருக்கறது..."

முடிக்காமல், அம்பு ஒட்டிய கையை முன்வரிசை மேல் மெல்ல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தினாள். அந்த இரண்டு பெண்களும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். ஆயுதபூஜையன்று பாதியில் நின்றுபோனதை எடுத்தாள்.

"எங்க கம்பெனிக்கு பையர் வர்ற அன்னிக்கு மட்டும் பாத்ரூம்ல சோப்பு இருக்குமுங்க. அவரு கார்ல ஏறுனதும் சோப்பு மேனேஜர் ரூமுக்குப் போயிரும். அந்த சோப்புக்கு வருசத்துக்கு மூணு நாள் வேலை, மிச்ச நாள் லீவு. நாங்கெல்லாம் அடுத்த சென்மத்துல சோப்பாப் பொறக்கோணும்னு வேண்டிட்டிருக்கறமுங்க."

நேரம் முடிந்ததென்று பின்னாலிருந்து விளக்கு மின்னியது. வணக்கம் சொல்லி, மைக்கை அவளே ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கினாள். கைதட்டல் ஓய்வதற்குள் ரோஸ்மேரி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். சித்ரகலாவுக்கும் கண் கலங்கியது, அவ்வளவு சந்தோஷம். சதீஷ்குமார் தோளில் அம்போடுதான் அடுத்தவரை அழைத்தான்.

மறுநாள் காலையில், மாடியில் யாரோ போனில் எடுத்த அவளுடைய வீடியோ கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது. செக்கிங் டேபிளில் உட்காருமுன் சித்ரகலா நேராக மேனேஜர் ரூமுக்குப் போனாள்.

"சார், இந்த வருசம் ஆயுதபூஜைக்கு எம்பேர எழுதிக்குங்க. அஞ்சு நிமிசம்."

தங்கதுரை போனைக் கவிழ்த்து வைத்தார். சிரித்த முகம் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் வந்தது.

"அஞ்சு நிமிசமா? கேசரி ஆறிப் போயிருமே கண்ணு."

"ஆறட்டுமுங்க சார்" என்றாள் சித்ரகலா. அவர் பேனாவை எடுத்துப் பேரை எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.