மூக்கு வழிக் கஞ்சி

"அந்தக் கிண்ணத்தக் கீழ வச்சிடுப்பா," என்றாள் முனியம்மாள்.

தென்னரசு அப்போதுதான் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்திருந்தான். துரைக்கண்ணுவைக் கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, கழுத்தில் துண்டும் கட்டியாயிற்று. பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்து நாலு மாதம். பேச்சும் போய்விட்டது.

"நாந்தாம்மா ஊட்டணும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் பொற ஏறி நெஞ்சுக்குப் பூடும். ஒரு வாரம் அத்த மட்டுமே சொல்லிக் குடுத்தாங்க எங்களுக்கு."

"எம் புருஷனுக்கு ஊட்ட எனக்குத் தெரியாதா? நீ மத்த வேலையப் பாரு."

மற்ற வேலை என்பது மலம் எடுப்பது, மூத்திரப் பையைக் காலி செய்வது, உடம்பு துடைப்பது, முதுகுப் புண்ணைக் கழுவி மருந்து வைப்பது. அதற்கெல்லாம் அவன் கை ஆகும். வந்த முதல் நாளே எந்த ஊர் என்று கேட்டாள். பனமலைப் பக்கம் என்றான். ஊருக்குள்ளேயா என்று கேட்டாள். காலனி என்றான். அவள் முகம் மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் கூடத்தைத் தாண்டி அடுக்களைப் பக்கம் போனதில்லை.

கட்டடங்களில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் தென்னரசு. வேலையில்லாத இளைஞர்களுக்கான அரசுத் திட்டம் என்று கேள்விப்பட்டு விழுப்புரத்தில் ஆறு மாதம் நோயாளி பராமரிப்புப் படித்தான். அங்கே ஒரு நாள் பிரவீன்குமார் என்ற அலுவலர் வந்து வகுப்பு எடுத்தார். வேலையிலும் பயிற்சியிலும் பிறப்பையோ மதத்தையோ ஆண் பெண் என்பதையோ பார்த்து யாரையும் ஒதுக்கக்கூடாது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இதற்கான உடன்படிக்கையை நம் நாடு 1960இலேயே ஏற்றுக்கொண்டது என்றார். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. தென்னரசு முழு மதிப்பெண் வாங்கினான். இந்தக் கூட்டேரிப்பட்டு வீட்டு வேலையையும் அவர்தான் பார்த்துக் கொடுத்தார்.

ஊட்ட விடாததைச் சொல்லத் தென்னரசு அவருக்கே போன் செய்தான்.

"வூட்டுக்காரங்க விருப்பம்டா அது, நாம இன்னா பண்ண முடியும்? மூணு மாசம் ஓட்டிடு. நடுவுல நின்னுட்டன்னா சர்டிபிகேட்டு வராது. எங் கணக்குலயும் ஒரு ஆளு கொறையும்," என்றார் பிரவீன்குமார்.

துரைக்கண்ணுவின் மகன் தேவா திண்டிவனத்தில் ஆசிரியர். படித்தவர் ஆயிற்றே என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தான். அம்மா பழைய ஆள், நீ கண்டுக்காதே என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஒரு மத்தியானம் முனியம்மாள் வயலுக்கு, கொல்லிப் பக்கம் போயிருந்தாள். துரைக்கண்ணு உதட்டை நக்கிக்கொண்டே இருந்தார். இடக்கையைத் தூக்கித் தண்ணீர்ச் செம்பைக் காட்டினார். தென்னரசு அவரை உட்காரவைத்தான். தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கரண்டி கரண்டியாக, ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கியதைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். ஒரு இருமல் கூட இல்லை. பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை.

முனியம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டே போய் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போட்டாள். மறுநாள் அதில் நாய்க்குத் தண்ணீர் இருந்தது.

மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கும் நாள் வந்தது. ஆட்கள் கொல்லியில் காத்திருக்க, முனியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தென்னரசு புண்ணுக்கு வைத்த துணியைத் துவைத்துக்கொண்டிருந்தான். படுத்திருந்தவரின் வாயில் அவள் கிண்ணத்தையே சாய்த்துவிட்டாள். சத்தம் கேட்டு அவன் ஓடிவந்தபோது துரைக்கண்ணுவின் கண் மேலே செருகியிருந்தது. உதடு நீலம்.

ஒருக்களித்துப் புரட்டினான். வாய்க்குள் இரண்டு விரலை விட்டுக் கஞ்சியை வழித்தெடுத்தான். முதுகில் தட்டினான். மூச்சு திரும்பியது. முனியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவன் விரல் அவர் வாய்க்குள் போனதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து பிழைக்கவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். இனி வாய் வழியாகத் தண்ணீர் கூடக் கூடாது. குழாயில் ஊற்றுவதற்குப் பயிற்சி எடுத்தவர் வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் தேவா தென்னரசுவைக் காட்டினார்.

அன்று மாலை முனியம்மாள் கேப்பைக் கஞ்சியை வடிகட்டி டம்ளரில் கொண்டுவந்தாள். கட்டிலிலிருந்து நாலடி தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"இனிமே நீயே ஊத்திடு தம்பி," என்றாள். முதல் முறையாகத் தம்பி என்றாள்.

"நான் ஊத்தலாமாம்மா?"

"கொழாயில போறது சோறா இன்னா? மருந்து மாரிதான. வாயில படல இல்ல."

துரைக்கண்ணு தன் மனைவியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் கசிந்து காதுப் பக்கம் ஓடியது. அவருக்கு எல்லாம் புரிகிறது என்பது தென்னரசுவுக்குத் தெரியும். அதற்கு மேல் அந்த மனிதரால் என்ன செய்ய முடியும்?

மூன்று மாதம் முடிந்த வாரத்தில், பயிற்சி முடித்தவர்களைப் பற்றிய கணக்கெடுப்பு என்று சென்னையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றான். பயிற்சி எடுத்த அதே வேலைதானா என்று கேட்டாள்.

முனியம்மாள் கஞ்சி டம்ளரோடு கூடத்தில்தான் நின்றிருந்தாள். தென்னரசு குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் கத்துக்கினது மனுஷனுக்குப் பக்குவமா வாயில ஊட்டுறதுங்க. நான் காலனிக்காரன்னு இந்த வூட்ல ஊட்ட வுடல. அதனாலதான் இவுருக்குக் கொழா போட்டாங்க. இப்ப கொழாயில ஊத்த வுடுறாங்க. அத்த அப்படியே எழுதிக்குங்க."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"சார், இதுல ஆமா, இல்ல ரெண்டுதான் போட முடியும். பேஷண்டுக்கு ஆகாரம் நீங்கதான குடுக்கறீங்க?"

அவன் துரைக்கண்ணுவைப் பார்த்தான். பசிக்கு அவர் இடக்கை விரிப்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"குடுக்கறேன்," என்றான்.

"நன்றி சார். ஆமான்னு போட்டுக்கிறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டான். முனியம்மாள் டம்ளரை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள். அவன் கையை நீட்டினான். நீட்டியபடியே நின்றான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, டம்ளரைத் தரையில் வைத்தாள்.

கட்டிலில் பெரியவர் முனகினார்.

தென்னரசு குனிந்து எடுத்துக்கொண்டான்.