யெப்பேயின் கடைசி ஓட்டம்

மண் பாதையில் சுற்றி ஓடும் ஸ்பீட்வே பந்தய மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. இதைக் கேட்டதுமே கவிசாவின் அம்மா, "ஞாயிற்றுக்கிழமையில உனக்கு வேற வேலை இல்லையோ?" என்று பொரிந்து தள்ளினார். ஜெர்மனியின் ஹம் நகரில் தாதியாக வேலை பார்க்கும் கவிசாவோ, கோடை வந்தால் அந்த மண் ஓடுபாதையின் நடுப்புல்லில் முதலுதவிப் பையோடு போய் நின்றுவிடுவாள். காரணம் யெப்பே.

யெப்பே டென்மார்க்காரர். நாற்பது தாண்டியும் விடாக்கண்டன். இருபது வருடமாக ஜெர்மன் கிளப்புகளுக்காக ஓடுகிறார். உடம்பில் உடையாத எலும்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விழுந்தாலும், கூட விழுந்தவன் எழும்பினானா என்றுதான் முதலில் பார்ப்பார். கோப்பை மட்டும் ஒருமுறையும் கைக்கு வரவில்லை. இந்த மனிதருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுக்கிறார்களாம் என்று கவிசாவுக்குக் கோபமே வரும்.

இன்று அவருடைய கடைசி ஓட்டம். நாலு பேர், நாலு சுற்று. அவருடைய அணித்தோழன் முதலாவதாக வந்தாலே கோப்பை அவர்களுக்கு. முதல் வளைவிலேயே தோழன் முந்திவிட்டான். அடுத்த வளைவில் யெப்பே வழுக்கி, தோள் மண்ணில் அடிபட விழுந்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கையைக் காட்டு, ரேஸை நிப்பாட்டச் சொல்லு!" என்று கத்தினார் அம்புலன்ஸ் ஓட்டும் நிலக்சன்.

கவிசா கையைத் தூக்கப் போனாள். நிறுத்தினால் முதலிலிருந்து ஓட வேண்டும். தோழன் பிடித்த முதலிடம் போய்விடும். அது யெப்பேக்கும் தெரியும். மனிதர் எழும்பிவிட்டார். இடது கை தொங்க, பாதையைக் காலியாக்க வலது கையால் மோட்டார் சைக்கிளைப் புல்லை நோக்கி இழுத்தார்.

"பொறுங்கோ அண்ணை. அவர் வாறார்."

"உங்கள் ரெண்டு பேருக்கும் விசரோ? மற்றவங்கள் சுத்தி வாறாங்கள்!"

கவிசா கையைத் தூக்கவில்லை. மற்ற மூவரும் வளைவில் தெரிந்தபோது, யெப்பே பின்சக்கரத்தையும் புல்லுக்குள் இழுத்துப் போட்டுவிட்டுச் சரிந்தார். அவள் ஓடிப்போய் அவருடைய உடையை வெட்டப் பார்த்தால், "ஓட்டம் முடியட்டும்" என்று தடுத்தார். கண் ஓடுபாதையிலேயே இருந்தது. கடைசியில் தோழன்தான் முதலாவது. தோளெலும்பு உடைந்தபோது அழாத மனிதர் அப்போது சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். கவிசாவும்தான்.

அம்புலன்ஸ் கதவைச் சாத்துவதற்குள் அணிக்காரர்கள் கோப்பையோடு ஓடிவந்தார்கள். வென்றவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். யெப்பே ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை.

மற்றக் கைப்பிடியைக் கவிசா பிடித்தாள்.